கிளியர் காயவில்லை

மரத்தில் ஒரு மீனைச் செதுக்கப் பெரிய கைத்திறன் வேண்டாம். நானே செதுக்கியிருக்கிறேன் என்பதே அதற்குச் சாட்சி. ஒரு முனையில் கூர், மறுமுனையில் பருமன், அடியில் முள். இதைக் கடிக்க வேண்டியது விரால். அது ரோஷக்கார மீன். பார்ப்புகளோடு இருக்கும் சமயத்தில் அதன் எல்லைக்குள் விளக்குமாற்றுக் கட்டை வந்தாலும் பாய்ந்து அடிக்கும். (அந்தச் சமயத்தில் பிடிக்கக் கூடாது. காவலுக்கு நிற்கும் மீனைத் தூக்கிவிட்டால் குஞ்சு அத்தனையும் மற்ற மீன்களுக்குத்தான் போகும்.) வர்ணம் தீட்டுவதும் பெரிய வித்தை இல்லை. என்னைத் தோற்கடிப்பது கடைசி வேலை. எல்லாம் முடிந்தபின், தண்ணீரும் வெயிலும் விரால் பல்லும் தாங்கும்படி மேலே ஒரு நிறமற்ற பூச்சுப் பூச வேண்டும். பெயிண்டர்கள் அதை ‘கிளியர்’ என்பார்கள். என் வாழ்க்கையில் கிளியராக இல்லாத ஒரே விஷயம் அதுதான்.

இந்தக் கிறுக்கு சிக்கனத்தில் ஆரம்பித்தது. விராலை ஏமாற்றித் தூண்டிலில் மாட்டவைக்கும் இந்தப் பொய்மீனுக்கு ‘லூர்’ என்று பெயர். கடையில் நல்ல லூர் ஒன்று நானூறு, ஐந்நூறு ரூபாய். சித்தூர்ப் பக்கத்து ஏரிகளில் பல வருஷங்கள் தண்ணீரைவிட வேலிக்காத்தான் வேர்தான் அதிகம். வீசுகிறோம், வேரில் மாட்டுகிறது, இழுக்கிறோம், தங்கூசி அறுகிறது, ஐந்நூறு ரூபாய் ஏரிக்கு மொய் வைத்தாயிற்று. சரி, நாமே செய்துகொண்டால் என்ன என்று உட்கார்ந்தேன். அந்தச் சிக்கனத்துக்காக இதுவரை வாங்கிய டப்பாக்கள், தூரிகைகள், உப்புத்தாள், தின்னர் எல்லாவற்றையும் கூட்டினால் கடை லூர் ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம். வீட்டுக் கணக்கு நோட்டில் என் மனைவி இதற்கு ‘மீன்’ என்று தனித் தலைப்பே போட்டிருக்கிறாள். அந்தத் தலைப்பின்கீழ் நாங்கள் சாப்பிட்ட மீன் ஒன்றுகூட இல்லை. அதெல்லாம் மார்க்கெட்டில் வாங்கியது, ‘மளிகை’யில் இருக்கிறது.

அம்மாவுக்கு இதில் வேறு வருத்தம். எங்கள் பக்கத்து நாகலாபுரத்தில் வேதநாராயண சுவாமி கோயில் இருக்கிறது. மூலவரே மச்சாவதாரம். கிருஷ்ணதேவராயர் தன் தாயார் நாகலாதேவி பெயரில் உண்டாக்கிய ஊர் அது. மார்ச் மாதத்தில் சூரிய ஒளி நேரே மூலவர்மேல் விழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். நாங்களும் போவோம். திரும்பி வந்து நான் உப்புத்தாளை எடுத்தால் அம்மா ஆரம்பிப்பாள்.

“பெருமாளே மீனா நிக்கிறாரு. அவரை சேவிச்சுட்டு வந்து அவரு மாதிரியே பொம்மை செஞ்சு அதுல முள்ளு மாட்டறியே, நல்லாருக்கா நைனா?”

எதுவும் மாட்டவில்லை என்று தெரிந்தபின் அவள் கோபம் தணிந்துவிட்டது. பெருமாள் தன் இனத்தைக் காப்பாற்றத்தான் என் கிளியரைக் காயவிடாமல் வைத்திருக்கிறார் என்பது அவள் கட்சி. ரசாயன ரீதியாக நான் சொல்லும் காரணங்களைவிட இது கச்சிதமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மரத்திலேயே தடுமாற்றம் தொடங்கிவிட்டது. சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் ஊர். பழைய பெங்களூரா மாமரங்களை வெட்டும்போது மாங்கட்டை சும்மாவே கிடைக்கும். சும்மா கிடைத்ததால் எடுத்தேன். மாங்கட்டை தண்ணீரைப் பார்த்த மாத்திரத்தில் குடிக்க ஆரம்பிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. திருப்பதியில் இருக்கும் என் மைத்துனன், “செம்மரத்துல செய்யுங்க மாமா, மரப்பாச்சி பாருங்க, நூறு வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கு, கிளியரே வேணாம்” என்றான். மரப்பாச்சியைப் பற்றி அவன் சொன்னது நிஜம். திருப்பதியிலிருந்து ஜோடியாக வாங்கிவந்து கொலுவில் வைத்து, குழந்தைகள் கடித்து, எச்சில் பண்ணி, மூன்று தலைமுறை புழங்கினாலும் அதற்கு வார்னிஷ் தேவைப்பட்டதில்லை. ஆனால் செம்மரத்தின் வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். மிதக்கிற லூருக்கு ஆகாது. அதைவிட, அந்த மரத்தின் பெயரை எங்கள் பக்கம் யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பேச்சை மாற்றிவிட்டேன்.

கடைசியில் வெட்பாலையில் நின்றேன். தெலுங்கில் அங்குடு. விசாகப்பட்டினம் பக்கம் ஏட்டிகொப்பாக்காவில் அரக்குப் பொம்மை கடைகிற மரம் அதுதான். வெளுப்பு, மிருது, நார் தடுக்காது. அங்கே கடைசல் சுழலும்போதே அரக்குக் குச்சியை வைத்து அழுத்துகிறார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிவிடுகிறது. தாழை மடலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் மினுமினுப்பு. காயப்போடுவதே இல்லை. சுழலும்போது சூடு, நின்றால் முடிந்தது. எனக்கு அதைப் பார்த்துப் பொறாமை. என் மீனோ உருண்டையாக இல்லாமல் தட்டையாக, முதுகில் கூனோடு இருக்கிறது, கடைசலில் ஏறாது.

மீன் தண்ணீருக்குள் முங்கி ஆடுவதற்கு வாயடியில் ஒரு நாக்கு வேண்டும். பழைய சிடி தட்டு அதற்கு அருமையான பொருள்: பாலிகார்பனேட், 1.2 மில்லிமீட்டர் கனம், கத்தரியில் வெட்டலாம், உடையாது. நான் எடுத்து வெட்டிய தட்டு மாமியார் கொடுத்த வேங்கடேச சுப்ரபாதம் என்பது வெட்டியபின் லேபிளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைக் கேட்க வீட்டில் சிடி போடும் பெட்டியே கிடையாது என்ற என் வாதம் எடுபடவில்லை.

இனி கிளியர்.

லூர் உலகத்தின் ஆதிபுருஷன் பின்லாந்தைச் சேர்ந்த லௌரி ராப்பாலா. 1936இல் தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சாக்லெட் சுற்றி வரும் ஈயத்தாளை மேலே ஒட்டி, புகைப்பட நெகடிவ்களை உருக்கி அதன்மேல் பூசினார். ஏழை மீனவர், கையில் கிடைத்ததை வைத்துச் செய்தார். 1962இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ பத்திரிகை அவரைப் பற்றி எழுதியது, மர்லின் மன்றோ இறந்த சமயத்து இதழ் என்பதால் அது எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது, ஆர்டர்கள் குவிந்தன. இதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஏழைக்கும் வழி இருக்கிறது. அந்தக் காலத்துப் படச்சுருள்களில் பெரும்பகுதி நைட்ரோசெல்லுலோஸ். எளிதில் தீப்பற்றும், தானாகவே மக்கியும் போகும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அதே நைட்ரோசெல்லுலோஸ்தான் நகப்பூச்சிலும் தச்சர்கள் அடிக்கும் என்.சி. லாக்கரிலும் இருக்கிறது. அதாவது ராப்பாலாவின் ரகசியம் என் மகளின் மேசை இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது.

அவளுடைய நிறமற்ற நகப்பூச்சை எடுத்து மீனுக்குப் பூசினேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அதில் இருக்கும் கரைப்பான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. சுப்ரபாத நாக்கு கொஞ்ச நேரத்தில் பனி படிந்தது போல் மங்கி, மெல்லிய கீறல் கீறலாக வெடித்தது. மகள் சொன்னது: “அப்பா, நகத்துலயே அது ஒரு வாரம்தான் நிக்கும். நான் பாத்திரம்கூடத் தேய்க்கறதில்ல.” அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அம்மா கேட்டுவிட்டதால் விவாதம் வேறு திசையில் போனது.

பிறகு டப்பாவில் வரும் லாக்கரை வாங்கி, நாக்கை டேப் ஒட்டி மறைத்து, ஒழுங்காக அடித்தேன். நான் தேர்ந்தெடுத்த நாள், வடகிழக்குப் பருவமழை ராயலசெரு ஏரியை நிரப்பிக்கொண்டிருந்த நாள். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் காயும்போது குளிர்ந்து அந்த ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு வெளுத்துவிடும். பச்சையும் பொன்னிறமுமாகத் தீட்டிய மீன் ஒரு மணி நேரத்தில் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வைணவத் தலத்துக்கு இவ்வளவு பக்கத்தில்.

எதிர்வீட்டு ஆசாரி பிரெஞ்சு பாலிஷ் போடச் சொன்னார். அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணிப் பந்தால் தேய்ப்பது. அலமாரிக்கு ராஜ பூச்சு. ஈரமான டம்ளரை அதன்மேல் வைத்தாலே வெள்ளை வட்டம் விழும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பார்த்திருக்கிறோம், நானும் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும், நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கப்போகிற பொருளுக்கு அதைப் போட்டேன். இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எபாக்ஸிக்கு வந்தேன். ரெசின் ஒரு புட்டி, ஹார்டனர் ஒரு புட்டி, இரண்டையும் கலந்து பூசினால் கனமாக, கண்ணாடியாக நிற்கும். உலகத்துத் தூண்டில்காரர்கள் பாதிப்பேர் இதைத்தான் பூசுகிறார்கள். கலப்பு விகிதம் புட்டியில் போட்டிருந்தது. புட்டியில் போட்டிருப்பதை வாசிப்பவன் அனுபவசாலியிடம் ஏன் போகிறான்? ஃபைபர் கதவு செய்யும் ஒருவரை எனக்குத் தெரியும். முப்பது வருஷ அனுபவம். அவரிடம் கேட்டேன்.

“ஹார்டனர் எவ்ளோ ஊத்தணும்ண்ணா?”

“நாலு சொட்டு போதும் சார். அவசரம்னா ஆறு சொட்டு. மேல போனா தீய்ஞ்சுடும்.”

அவர் சொன்னது வேதவாக்கு, அவருடைய ரெசினுக்கு. அவர் பட்டறையில் ஓடுவது பாலியெஸ்டர். அதில் விடுகிற சொட்டு வெறும் தூண்டுகோல். நூற்றுக்கு ஒன்று, இரண்டு போதும். கூட விட்டால் சீக்கிரம் இறுகும். எபாக்ஸியில் ஹார்டனர் தூண்டுகோல் இல்லை, சரிபாதிக் கூட்டாளி. ரெசினின் ஒவ்வொரு கைக்கும் பிடித்துக்கொள்ள ஹார்டனரில் ஒரு கை வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சில கைகள் அந்தரத்தில் நிற்கும். பூச்சு கடைசிவரை பிசுபிசுக்கும். நான் நாலு சொட்டு விட்டேன். மறுநாள் தேன். அடுத்த நாளும் தேன். தீபாவளிக்குச் சாமான் ஒதுக்கும்போதும் தேன். அலமாரியில் அது வைத்திருந்த இடத்தில் இன்றைக்கும் கையை வைத்தால் வளையலோடு ஒட்டுகிறது என்று புகார் வருகிறது.

புத்தி வந்து சமபாகம் கலக்கத் தீர்மானித்தேன். கண்ணளவில் கலந்தால் சரிவராது, அளந்தாக வேண்டும். மருந்துக்கடையில் போய், “சிரிஞ்சு வேணும், ஊசி வேண்டாம், நிறைய வேணும்” என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மீனுக்கு” என்றேன். அது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

சமபாகம் அளந்து, தேநீர்க் கோப்பையில் தாராளமாக ஊற்றிக் கலக்கினேன். மே மாதம். எங்கள் பக்கம் வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது. இந்தக் கலவை இறுகும்போது தானே சூட்டை உண்டாக்கும். சுற்றுப்புறச் சூடு பத்து டிகிரி ஏறினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். கோப்பையில் குவித்து வைத்தால் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்னும் வேகமெடுக்கும். குளிர்தேசத்துப் புட்டியில் முப்பது நிமிஷம் என்று போட்டிருந்ததை நம்பி, நான் முதல் மீனின் வால்பக்கத்தை நிதானமாகப் பூசிக்கொண்டிருந்தபோது கோப்பையிலிருந்து புகை கிளம்பியது. தூரிகை உள்ளேயே நின்றுவிட்டது. கோப்பை, தூரிகை, கலக்கிய குச்சி எல்லாம் ஒரே வார்ப்பாக இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கும் வேலையைச் செய்கிறது. இந்தக் கலையில் நான் செய்தவற்றுள் தண்ணீர் புகாத ஒரே பொருள் அதுதான்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையான மூடியில் கலக்கக் கற்றேன். அப்போது வந்தது லட்டு. பக்கத்து வீட்டில் மலைக்குப் போய்வந்தவர்கள் கொடுத்த பிரசாதம்; மறுக்க முடியுமா? கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மீனை எடுத்தேன். பூச்சு ஓடிப் பரவும்போது மீனின் வயிற்றில் ஐந்து இடங்களில் மட்டும் சுருங்கி விலகி நின்றது. நடுவில் வெறும் வர்ணம், சுற்றிலும் மேடு. எத்தனை முறை தூரிகையால் இழுத்துவிட்டாலும் அந்த ஐந்து வட்டங்களும் திரும்ப விலகின. கையை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் முதல் சுண்டுவிரல் வரை சரியாகப் பொருந்தியது. நெய். எண்ணெய்ப்பசை இருக்கும் இடத்தில் எபாக்ஸி உட்காராது. விரலின் வியர்வையே போதும், இதுவோ புவிசார் குறியீடு வாங்கிய லட்டின் நெய். இப்போது பூசுமுன் ஸ்பிரிட்டால் துடைத்து, மீனை முள்வளையத்தில் பிடித்துத்தான் தூக்குகிறேன். லட்டு வந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

எபாக்ஸி தானே நின்று காயாது, கீழே வழியும். அதனால் காயும்வரை மீனைச் சுழற்ற வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார் இதற்குப் போதும். நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்று. பழுதுபார்க்கும் கடையில் பழையது ஒன்று வாங்கி, பலகையில் பொருத்தி, மீன்களை வரிசையாக மாட்டி ஓடவிட்டேன். வீடே கூடிநின்று பார்த்தது. அம்மாகூட, “அழகா சுத்துது” என்றாள். அன்றிரவு கரண்ட் போனது. எங்கள் யாருக்கும் அந்த நேரத்தில் மீன் ஞாபகம் இல்லை, விசிறியைத் தேடிக்கொண்டிருந்தோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தன் கடமையை உணர்ந்து சுற்ற ஆரம்பித்தது. பூச்சு அதற்குள் இறங்கி நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் ஒவ்வொரு மீனுக்கும் ஒரே பக்கமாகத் தொப்பை. ஒன்றின் தொப்பைக்குள் ஒரு கொசு, இறக்கை கலையாமல், கால் ஆறும் தெளிவாக எண்ணும்படி. என் கிளியர் இதைவிடக் கிளியராக வந்ததே இல்லை. அந்த மீனைத் தண்ணீரில் விட்டால் தொப்பைப் பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். விரால்கள் அதைச் செத்தது என்று நினைத்து விலகியிருக்கலாம்.

இதற்கு நடுவில் செதில் வரைகிற ஆசை வேறு. மகனின் ஸ்கெட்ச் பேனாவால் பொறுமையாக ஒவ்வொரு செதிலாக வரைந்தேன். கிளியர் பட்டதும் மை கரைந்து வயிறெல்லாம் ஊதா. இத்தனைக்கும் மை பரவாமல் தடுக்கிற வித்தையை ஊர் உலகத்துக்கே காட்டியவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். காளஹஸ்தி கலம்காரியில் துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரும் எருமைப்பாலும் கலந்து அதில் தோய்த்து உலர்த்துகிறார்கள். கறுப்பு மை பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுப்பது. அது கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்ததும் துணியிலேயே கறுத்து நிலைத்துவிடும். பாலின் கொழுப்பு மையை ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். பூசுவதற்கு முன் அடித்தளம், பிறகுதான் கோடு. எத்தனையோ முறை காளஹஸ்தி போயிருக்கிறேன். ராகு கேது பூஜை செய்துவிட்டு, கலம்காரிக் கடையில் மனைவி புடவை பார்க்கும் நேரமெல்லாம் வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: வர்ணத்துக்கும் கிளியருக்கும் நடுவே மெல்லிய தடுப்புப் பூச்சு ஒன்று வேண்டும் என்பது விளங்கியிருக்கும்.

புற ஊதா விளக்கில் காயும் ரெசினும் வாங்கினேன். விளக்கில் காட்டினால் நிமிஷத்தில் இறுகும் என்றார்கள். ஜன்னலோரம் வைத்துப் பூசினேன். சித்தூர் வெயில் விளக்குக்குக் காத்திருக்கவில்லை.

கடைசியாக டிங்கரிங் பட்டறைக்குப் போனேன். கார்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர் பாலியூரித்தேன் வகை. வெயில் மழைக்கு அதைவிட உறுதியான பூச்சு எங்கள் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை. மேஸ்திரி நல்ல மனிதர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். நான் பையிலிருந்து மீனை எடுத்ததும் இரு கையாலும் வாங்கிப் பார்த்தார்.

“ஏம் சார், இதுக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் உண்டா?”

சிரித்தாலும், ஒரு காரின் கதவோடு சேர்த்து என் மீனையும் தொங்கவிட்டு அடித்துக் கொடுத்தார். இதை வீட்டில் அடிக்காதே என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. தெளிக்கும்போது நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா வரவைக்கும். துணி கட்டிக்கொள்வதெல்லாம் காணாது, அதற்கென்றே உள்ள சுவாச முகமூடி வேண்டும். கேட்டுக்கொண்டேன். அவரிடமே ஒரு சின்ன டப்பா ஹார்டனர் வாங்கி வந்தேன், தெளிக்காமல் மீனைத் தோய்த்து எடுக்கலாம் என்று. அது காற்றின் ஈரத்தைத் தேடிப்பிடித்து வினைபுரியும் சாமான். மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு திறந்தால், உள்ளே கல்.

மேஸ்திரி அடித்துக் கொடுத்த மீன் மட்டும் உண்மையாகவே அழகு. ஏரிக் குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு வீசினேன். அது போன வேகமும் ஆடிய ஆட்டமும், ஒரு தடவை பின்னால் தண்ணீர் குமிழ்ந்து அடங்கியதும் எனக்கு மட்டும் தெரியும். ஆனால் மத்தியானத்துக்குள் மீன் கனத்தது. மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்தது மெல்லத் தாழ்ந்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். முதுகிலோ பக்கவாட்டிலோ ஒரு கீறல் இல்லை. அடிவயிற்றில் முள் மாட்டும் கொக்கியைத் திருகிய துளையிலிருந்து தொடங்கி, வால்வரை ஒரு முடிக்கோடு. கோட்டின் இரு பக்கமும் பூச்சு உப்பி, உள்ளே மரம் ஊறியிருந்தது. நகத்தால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது.

வருஷக்கணக்கில் நான் மாற்றிமாற்றிப் பூசியதெல்லாம் தண்ணீர் வராத இடத்தில். வருகிற இடம் திருகுத் துளை, நாக்கைச் செருகிய பிளவு, ஈயக் குண்டு வைத்த குழி. கிளியர் காய்ந்தபின் அதைத் துளைத்துக் கொக்கியைத் திருகியவன் நானேதான். மரத்தை முதலில் மெல்லிய எபாக்ஸியில் ஊறவிட்டு, துளைகளை முன்பே போட்டு, திருகும்போது துளைக்குள் ஒரு சொட்டு விட்டிருந்தால் மேலே நகப்பூச்சே கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். மீனைப் புத்தூருக்கு எடுத்துப்போய்க் கட்டுப் போட்டுவிடலாமா என்று மைத்துனன் கேட்டான். எலும்பு முறிவுக்கு மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டும் அந்த ஊருக்குத் தமிழ்நாட்டின் பாதி கைகால்கள் போய்வந்திருக்கின்றன. என் மீனையும் அனுப்பியிருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகு சரியாக ஒன்று செய்தேன். துளை முன்னால், எபாக்ஸி ஊறல், வெள்ளை அடித்தளம், வர்ணம், தடுப்புப் பூச்சு, அளந்து கலந்த கிளியர், கரண்ட் போகாத இரவு, லட்டு வராத வாரம். வாளித் தண்ணீரில் இரவெல்லாம் போட்டு வைத்தேன். காலையில் எடைபோட்டால் ஒரு கிராம்கூட ஏறவில்லை. தூண்டில் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். பெட்டியில் ஏற்கெனவே கடையில் வாங்கிய ரப்பர்த் தவளை ஒன்று இருந்தது. அந்த மெது பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்த எண்ணெய் போன்ற ஒரு பொருள். அது மெல்லக் கசிந்து, பக்கத்தில் இருக்கும் வர்ணத்தையும் பூச்சையும் இளக்கிவிடும். கோடையில் மூடின பெட்டிக்குள் சொல்லவே வேண்டாம். அடுத்த முறை திறந்தபோது தவளை என் மீனைக் கட்டிப்பிடித்திருந்தது. பிரித்தேன். கிளியர் தவளையோடு போய்விட்டது.

ஆகவே தூண்டில் போடும் நண்பர்களுக்கு: ரப்பர்ச் சாமானைத் தனி டப்பாவில் வையுங்கள், மரமீனோடு சேர்க்காதீர்கள். துளைகளை முதலில் அடையுங்கள். புட்டியில் போட்டிருக்கும் அளவைப் படியுங்கள். அந்த நாலு சொட்டு நாட்களுக்கும் சமபாக நாட்களுக்கும் நடுவில், ஈடுகட்டுவதற்காக ஹார்டனரைத் தாராளமாக ஊற்றியதில், என்னிடம் ஹார்டனர் தீர்ந்து ரெசின் மட்டும் ஒன்றரைக் கிலோ மீந்திருக்கிறது. நல்ல சரக்கு, காலாவதியாகவில்லை. சித்தூர்ப் பக்கம் வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். வரும்போது கொஞ்சம் ஹார்டனர் கொண்டுவந்தால் நானும் ஒரு மீன் பூசிக்கொள்வேன்.